சாதாரண ஃபோட்டோ ஃபிரேமை வீட்டிலேயே அழகாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அலங்கார வேலைக்கு உட்கார்ந்தால் கை தானாகப் பெயின்ட் டப்பாவுக்கோ மணி டப்பிக்கோதான் போகும். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஃபிரேமுக்குள் வைக்கப்போகும் படத்தை முதலில் எடுத்து மேசைமேல் வையுங்கள். ஐந்து நிமிடம் அதையே பாருங்கள். எந்த நிறம் அதிகம்? முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? பின்னணி வெறுமையாக இருக்கிறதா, சாமான்களால் நிறைந்திருக்கிறதா? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் என்ன செய்யலாம் என்பதும் ஏறக்குறைய தெரிந்துவிடும்.

நான் முதன்முதலில் அலங்கரித்தது என் பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கான ஃபிரேம். தங்க நிற ஜமிக்கிகளை நான்கு பக்கமும் நெருக்கி ஒட்டினேன். ஒரு முழு நாள் வேலை. படத்தை உள்ளே வைத்துப் பார்த்தால், பாட்டியின் முகத்துக்குக் கண் போகவே இல்லை, ஜமிக்கியிலேயே நின்றுவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். வெளிர் சாம்பல் நிறம் பூசி, அவருடைய தையல் டப்பியில் கிடந்த மூன்று பழைய பொத்தான்களைக் கீழ் மூலையில் மட்டும் ஒட்டினேன். அந்த ஃபிரேம் இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. இந்த வழிகாட்டியில் எத்தனையோ முறைகளைச் சொல்லப் போகிறேன். ஆனால் ஒரே ஃபிரேமில் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு முறைகளுக்கு மேல் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அந்த அனுபவம்தான்.

நிறத்துக்கு எனக்குப் பழகிய வழி ஒன்று உண்டு. படத்தில் பெரும்பகுதியாக இருக்கும் நிறத்தை விட்டுவிட்டு, ஓரமாக, சின்னதாக வரும் ஒரு நிறத்தை ஃபிரேமுக்கு எடுப்பது. பச்சைத் தோட்டத்தில் மஞ்சள் தொப்பியோடு ஒரு குழந்தை நிற்கிறது என்றால், ஃபிரேமுக்குப் பச்சை வேண்டாம், மங்கலான மஞ்சள் போதும். தொப்பி உடனே கண்ணில் படும், அதன் கீழே இருக்கும் முகமும் படும்.

இன்னொன்று. ஒரே ஒரு பிரதி மட்டுமே உள்ள பழைய படத்தை அலங்கார ஃபிரேமில் வைக்காதீர்கள். ஸ்கேன் செய்து, பிரின்ட் போட்டு அதை வையுங்கள். 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 4×6 அங்குலப் பிரின்டுக்கு 1200×1800 பிக்சல் தேவை. ஸ்கேனரை அதற்குத் தகுந்தபடி வைத்துக்கொண்டால் போதும்.

ஃபிரேம் எதனால் ஆனது?

எல்லா ஃபிரேமும் ஒரே மாதிரி பசையையும் பெயின்டையும் ஏற்றுக்கொள்ளாது. அதனால் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள், அங்கேதான் உண்மை தெரியும். மரத்தில் ரேகை ஓடும். மர நாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் ரேகை இருக்காது. ஒரே சீரான பழுப்பு, வெட்டிய ஓரம் அழுத்திய அட்டைபோல் இருக்கும். பிளாஸ்டிக் எடை குறைவு, மூலைகளில் அச்சின் கோடு தெரியும். உலோகம் தொட்டால் சில்லென்று இருக்கும்.

ஏமாற்றுகிற ஒரு வகையும் உண்டு. முன்பக்கம் அழகான மர ரேகை தெரியும், ஆனால் அது எம்.டி.எஃப். மேல் ஒட்டிய அச்சுத் தாள். மூலை இணைப்பை உற்றுப் பார்த்தால் தாளின் ஓரம் தெரிந்துவிடும். இதை முரட்டு உப்புத்தாளால் தேய்த்தால் தாள் கிழிந்து திட்டுத் திட்டாகும். மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் தேய்த்துவிட்டு பிரைமர் (பெயின்ட் பிடிக்க அடியில் பூசும் பூச்சு) பூசுவது நல்லது.

புதிதாகத் தொடங்குபவர்கள் தட்டையான, இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள மர ஃபிரேமோ எம்.டி.எஃப். ஃபிரேமோ எடுத்துக்கொள்ளுங்கள். வளைவும் வரிப்பள்ளமும் உள்ள ஃபிரேமில் பொருள்கள் சரியாக உட்காராது. அதற்குப் பெயின்ட் வேலைதான் பொருத்தம்.

கழற்றுவது

ஃபிரேமைப் பூட்டியபடியே மாஸ்கிங் டேப் ஒட்டி வேலை செய்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். பசை எப்படியாவது கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே இறங்கிவிடும்.

பின் அட்டையைப் பிடித்திருக்கும் சிறிய உலோக நாக்குகளை மழுங்கிய கத்தியால் மெதுவாக நிமிர்த்துங்கள். அடிக்கடி மடக்கி நிமிர்த்தினால் அவை ஒடிந்துவிடும். அதனால் மூன்று பக்கம் மட்டும் நிமிர்த்தி, அட்டையைச் சரித்து உருவினால் போதும். கண்ணாடியைத் துணியில் சுற்றி, படுக்க வைக்காமல் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள். சட்டத்தின் பின்பக்கம் எது மேல்புறம் என்று பென்சிலால் ஓர் அம்புக்குறி போடுங்கள். எல்லாம் ஒட்டி முடித்த பிறகு, மாட்டும் கொக்கி தலைகீழாக இருப்பதைக் கண்டுபிடிப்பதைப் போன்ற வருத்தம் வேறில்லை.

தேய்ப்பதும் அடைப்பதும்

சலிப்பான கட்டம் இதுதான், ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்களின் ஃபிரேம்கள்தான் ஆறு மாதத்தில் உதிர்கின்றன. மரமென்றால் முதலில் 120, பிறகு 220 எண் உப்புத்தாள் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்). ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும், பெயின்டுக்கு மேலேயும் அது தெரியும். தேய்த்து முடித்ததும் லேசாக ஈரமான துணியால் தூசைத் துடைத்துக் காயவிடுங்கள்.

எம்.டி.எஃப். என்றால் வெட்டிய ஓரங்கள் தண்ணீரைக் குடித்து உப்பிக்கொள்ளும். எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் அந்த இடம் மட்டும் சொரசொரப்பாகவே நிற்கும். மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையில் அதே அளவு தண்ணீர் கலந்து ஓரங்களில் பூசி, காய்ந்ததும் 220-ஆல் ஒரு முறை தேய்த்து, மறுபடி பூசுங்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகு விரலால் தடவினால் வழவழப்பு தெரியும். எம்.டி.எஃப். தூசு மிக நைசானது. மூக்கில் மாஸ்க் இல்லாமல் தேய்க்க வேண்டாம்.

பிளாஸ்டிக்குக்கு 400 எண் தாளால் மினுமினுப்பு மங்கும்வரை லேசாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, பிளாஸ்டிக்குக்கு என்றே வரும் பிரைமரைப் பூசுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல், வழவழப்பான பிளாஸ்டிக் ஃபிரேமில் வெள்ளைப் பசையால் சிப்பிகளை ஒட்டினேன். ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் துடைக்க எடுத்தபோது சிப்பி வரிசை முழுவதும் மாலைபோல் ஒரே துண்டாகக் கையோடு வந்துவிட்டது. பசை காய்ந்துதான் இருந்தது, சிப்பியையும் நன்றாகப் பிடித்திருந்தது. பிளாஸ்டிக்கை மட்டும் பிடிக்கவில்லை. வெள்ளைப் பசை தன்னிடமுள்ள தண்ணீரை இழந்துதான் இறுகும், உறிஞ்சும் பரப்பில்தான் அது வேரூன்றும். பிளாஸ்டிக் உறிஞ்சாது.

எப்போது பூசியது என்றே தெரியாத, பெயின்ட் உரிந்துகொண்டிருக்கும் மிகப் பழைய ஃபிரேம் கையில் கிடைத்தால் அதை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். பழைய பெயின்ட்களில் ஈயம் கலந்திருக்கும் வாய்ப்பு உண்டு. அந்தத் தூசு குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல்.

பெயின்ட்

அக்ரிலிக் பெயின்ட்தான் வீட்டு வேலைக்குத் தோது. தண்ணீரில் கலந்த நிலையில் வரும், பிரஷைத் தண்ணீரிலேயே கழுவலாம். காயும்போது தண்ணீர் ஆவியாகி, உள்ளே இருக்கும் பாலிமர் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே படலமாகிவிடும். அதன்பிறகு அது தண்ணீரில் கரையாது. பிரஷைக் காயவிட்டால் அதே கதி பிரஷுக்கும்தான், உடனே கழுவிவிடுங்கள்.

நான்கு பாட்டில் மூடிகளைக் கவிழ்த்து, அவற்றின்மேல் ஃபிரேமை வையுங்கள். தட்டைப் பிரஷால் முதலில் உள்விளிம்பு, அடுத்து வெளி ஓரம், கடைசியாக முன்முகம் என்ற வரிசையில் பூசினால் வழிந்த பெயின்டைக் கடைசியில் சமப்படுத்திவிடலாம். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு, மூன்று பூச்சுகள் மேல். முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு அடுத்ததைப் பூசுங்கள். பாதி காய்ந்த பூச்சின்மேல் பிரஷை ஓட்டினால் அது சுருண்டு கையோடு வரும்.

பலரும் மறப்பது, கண்ணாடி உட்காரும் பள்ளத்தின் ஓரத்தை. சட்டத்தின் பின்பக்கம் கண்ணாடியைத் தொடும் அந்த விளிம்பு, கண்ணாடியில் பிரதிபலித்து முன்னால் தெரியும். வெறும் மரமாக விட்டால் படத்தைச் சுற்றி ஒரு வெளிறிய கோடு ஓடும். அங்கே ஒரே ஒரு மெல்லிய பூச்சு போதும். தடித்துவிட்டால் கண்ணாடி உட்காராது.

பெயின்ட் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு நாள் காயவிட்டு, பின்பக்கம் சின்ன டேப் துண்டை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயின்ட் வந்தால் அடியில் தேய்த்தது போதாது. இப்போதே தெரிந்துவிட்டால் நல்லதுதானே.

பெயின்டை வைத்தே செய்யும் இரண்டு வித்தைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். முதலாவது, பழசான தோற்றம். அடியில் ஒரு நிறம், உதாரணமாக அடர் பழுப்பு, பூசிக் காயவிடுங்கள். கை அடிக்கடி படுகிற இடங்கள் எவை என்று யோசித்து, மூலைகளிலும் ஓரங்களிலும் வெள்ளை மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். மேலே வெளிர் நிறத்தைப் பூசிக் காய்ந்ததும் அந்த இடங்களில் உப்புத்தாளை லேசாக ஓட்டினால், மெழுகின்மேல் இருந்த பெயின்ட் மட்டும் உதிர்ந்து பழுப்பு எட்டிப்பார்க்கும். நாலு மூலையிலும் ஒரே அளவாகத் தேய்க்காதீர்கள். உண்மையில் பழசான பொருள் எதுவும் அப்படிச் சமமாகத் தேய்வதில்லை.

இரண்டாவது, வெடிப்பு விழுந்த தோற்றம். அடி நிறம் நன்றாகக் காய்ந்ததும் வெள்ளைப் பசையைச் சீராகப் பூசுங்கள். பசை முழுதாகக் காயக் கூடாது. தொட்டால் விரலில் ஒட்டவேண்டும், ஆனால் வழியக் கூடாது. அந்தப் பதத்தில் மேல் நிறத்தை ஒரே இழுப்பில் பூசிவிட்டு விலகிவிடுங்கள். அதே இடத்தில் இரண்டாவது முறை பிரஷ் ஓடினால் எல்லாம் குழம்பிவிடும். மேல் பெயின்ட் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், கீழே இருக்கும் பசை இன்னும் நெகிழ்வாக இருக்கும். அந்த இழுபறியில்தான் வெடிப்பு விழுகிறது. பசை தடித்திருந்தால் வெடிப்பு பெரிதாகவும், மெலிந்திருந்தால் நூலிழைபோலவும் வரும். முதலில் ஓர் அட்டைத் துண்டில் செய்து பாருங்கள். வெடிப்பு கண்முன்னே ஒவ்வொன்றாகத் திறப்பதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

காகிதம்

குறைந்த பொருளில் அதிக அழகு தருவது காகிதம்தான் என்பது என் அபிப்பிராயம். பரிசு சுற்றும் தாள், பழைய வரைபடம், இசைக்குறிப்புத் தாள், கையெழுத்துக் கடிதத்தின் நகல், எதுவாகவும் இருக்கலாம். மிகத் தடித்த தாள் ஓரங்களில் மடங்காது. செய்தித்தாள் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருளால் வெளிச்சத்தில் சீக்கிரம் மஞ்சளாகும். அந்த மஞ்சளே வேண்டுமென்றால் சரி.

வீட்டுப் பிரின்டரில் எடுத்த தாள் என்றால் ஒரு சோதனை. ஈர விரலை ஓரத்தில் வைத்துத் தேயுங்கள். மை கலைந்தால் அது இங்க்ஜெட் பிரின்ட். ஈரப் பசை பட்டதும் பரவிவிடும். லேசர் பிரின்டிலோ நகல் எடுக்கும் இயந்திரத்திலோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுத் தாளாக ஒட்டும் முறை இது. தாளின் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, ஃபிரேமை அதன்மேல் கவிழ்த்து, வெளியோரத்தையும் உள் சன்னலையும் (படம் தெரியும் திறப்பை) பென்சிலால் வரையுங்கள். வெளியே இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். உள்சன்னலின் நடுவே, மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக இரண்டு கோடு வெட்டினால் நான்கு முக்கோண நாக்குகள் கிடைக்கும். அவற்றைப் பின்னுக்கு மடித்து, பள்ளத்துக்குள் போகாத அளவுக்கு நறுக்கிவிட வேண்டும்.

இனி பசை. வெள்ளைப் பசை மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. தாள் ஈரத்தில் விரியும், காயும்போது சுருங்கும். சுருக்கம் விழுவதற்கு இதுதான் காரணம். அதனால் தாளின் பின்பக்கம் மெல்லப் பசை பூசி ஒரு நிமிடம் காத்திருங்கள், விரிவதை எல்லாம் விரிந்து முடிக்கட்டும். பிறகு ஃபிரேமிலும் பசை பூசி, தாளை ஒரு பக்கத்திலிருந்து மெதுவாகப் படுக்க வைத்து, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தள்ளுங்கள். ஓரத்தில் துளித்துளியாகப் பசை வெளியே வரும். அதுதான் சரியான அளவு. காய்ந்த பிறகு எங்காவது குமிழ் தெரிந்தால், ஊசியால் ஒரு குத்துக் குத்தி, அந்தத் துளையில் ஒரு சொட்டுப் பசை விட்டு விரலால் அழுத்திவிடுங்கள்.

ஓரத்தில் மீதி நிற்கும் தாளைக் கட்டரால் வெட்டத் தோன்றும். அதைவிட நல்ல வழி, நன்றாகக் காய்ந்ததும் உப்புத்தாளை ஓரத்தில் சாய்வாக வைத்துக் கீழ்நோக்கி மட்டும் தேய்ப்பது. தாள் அந்த ஓரத்திலேயே சுத்தமாக அறுந்து விழும். மேல்நோக்கித் தேய்த்தால் தாள் பிரியும்.

முழுத்தாள் சிரமமென்றால் துண்டுகளாகக் கிழித்து ஒட்டலாம். கத்தரித்த ஓரம் துண்டு துண்டாகத் தெரியும். கிழித்த ஓரம் ஒன்றோடொன்று கலந்துவிடும். நிறத் தாளை உங்களை நோக்கி இழுத்துக் கிழித்தால், கைக்கு வரும் துண்டின் ஓரத்தில் வெள்ளை நார் தெரியும். எதிர்ப்பக்கம் தள்ளிக் கிழித்தால் வெள்ளை தெரியாது. மேகம், அலை, மலைமுகடு இப்படி ஏதாவது செய்வதென்றால் அந்த வெள்ளை ஓரமே வேலையை முடித்துவிடும். பூப்போட்ட டிஷ்யூ நாப்கினும் அருமையான பொருள். அது இரண்டு, மூன்று அடுக்காக இருக்கும். அச்சிட்ட மேல் அடுக்கை மட்டும் பிரித்தெடுங்கள். ஃபிரேம் வெள்ளையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த மெல்லிய அடுக்கின் வழியே அடி நிறம் தெரியும்.

நூலும் கயிறும்

ஃபிரேமைச் சுற்றி நூல் சுற்றுவது பார்க்க எளிதாகத் தெரியும், ஆனால் எவ்வளவு நூல் பிடிக்கும் என்று தெரியாமல் தொடங்கினால் முக்கால்வாசியில் நின்றுவிடுவீர்கள். கணக்கு இதோ. 4×6 அங்குலப் படத்துக்கான ஃபிரேமின் உள்சன்னல் சுற்றளவு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். சட்டம் இரண்டரை சென்டிமீட்டர் அகலம், 1.2 சென்டிமீட்டர் தடிமன் என்றால் ஒரு சுற்றுக்கு 7.4 சென்டிமீட்டர் நூல். நூல் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஒரு சென்டிமீட்டருக்குப் பத்துச் சுற்று, மொத்தம் 500 சுற்று. ஆக 37 மீட்டர். முடிச்சுக்கும் சேர்த்து 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக ஒரு நீளப் பக்கத்தை மட்டும் சுற்றினால் 11 மீட்டர் போதும், சொல்லப்போனால் பார்க்கவும் அதுதான் நன்றாக இருக்கும்.

நான்கு பக்கமும் சுற்றினாலும் மூலைகளில் சதுரமாக இடம் வெறுமையாக நிற்கும். நூல் அங்கே திரும்பாது. அந்தச் சதுரங்களை முன்கூட்டியே நூலின் நிறத்திலேயே பூசிவையுங்கள், அல்லது துணித்துண்டால் மூடுங்கள். இன்னொரு சங்கடம், சுற்றும் நூல் கண்ணாடி உட்காரும் பள்ளத்தையும் கடந்துதான் போகும். ஒரு மில்லிமீட்டர் நூல் சமாளித்துக்கொள்ளும். தடித்த சணல் என்றால் கண்ணாடி மேலெழும்பி, பின் அட்டை மூடாது.

சணலுக்கு வேறு வழி இருக்கிறது. சுற்றாமல், முன்முகத்தில் மட்டும் வெளியோரத்திலிருந்து உள்நோக்கி வரிவரியாகப் படுக்கவைத்து ஒட்டுவது. இரண்டு மில்லிமீட்டர் சணல் என்றால் அதே ஃபிரேமுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வரி, மொத்தம் எட்டு மீட்டருக்குள் முடிந்துவிடும். ஒரே நேரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் பசை பூசி, சணலைப் படுக்கவைத்து, முந்தைய வரியோடு நகத்தால் நெருக்கிக்கொண்டே போக வேண்டும். மூலைக்கு வரும்போது சணலைக் கிள்ளி ஒரு மடிப்பு கொடுங்கள். இல்லையென்றால் உள்ளே வரவர மூலை வட்டமாகிவிடும். நாலைந்து வரி போன பிறகு கை தானாகவே ஒரு தாளத்துக்கு வந்துவிடும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

பொத்தான், மணி, சிப்பி

ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் பசையில்லாமல் அடுக்கிப் பாருங்கள். பெரியதை முதலில் வையுங்கள், நடுத்தரமானதை அதையொட்டி வையுங்கள், குட்டி மணிகளை இடைவெளிக்கு விடுங்கள். திருப்தியானதும் மேலிருந்து ஒரு ஃபோட்டோ எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கி, பசை வைத்து, அதே இடத்தில் வையுங்கள். அடியில் காது உள்ள பொத்தானைத் தட்டையாக ஒட்ட முடியாது. அந்தக் காதைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட வேண்டும். நறுக்கும்போது துண்டு தெறிக்கும், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள்.

பசை விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். மரம், காகிதம், துணி, நூல் இவற்றுக்கு வெள்ளைப் பசை போதும். சிப்பி, கல், கண்ணாடி மணி போன்ற கனமான, வழவழப்பான பொருள்களுக்கு இரண்டு குழாய்களில் வரும், கலந்து ஒட்டும் எபாக்ஸி பசை உறுதியானது. பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் க்ளூ கன் வேகமானது. ஆனால் அதன் பசை சூட்டில் இளகும் பிளாஸ்டிக், அதனால் வெயில் விழும் சன்னலோரம் வைக்கப்போகும் ஃபிரேமுக்கு வேண்டாம். ஆறியபின் சிலந்தி வலைபோல் இழைகள் நிற்கும். ஹேர் டிரையரின் சூடான காற்றைச் சற்றுத் தூரத்திலிருந்து காட்டினால் சுருங்கி மறையும். சூப்பர் க்ளூவை நான் கடைசியாகத்தான் கையில் எடுப்பேன். அதன் ஆவி அருகிலுள்ள பளபளப்பான பரப்பில் வெள்ளைப் படலமாகப் படியும். பஞ்சு, பருத்தித் துணி, நூல் ஆகியவற்றில் அது அதிகமாகப் பட்டால் வேகமாக வினைபுரிந்து, தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டோ, பஞ்சால் துடைத்துக்கொண்டோ அதைப் பயன்படுத்தவே கூடாது.

சிறு குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கப்போகும் ஃபிரேமில் மணியும் பொத்தானும் வேண்டாம். எவ்வளவு உறுதியாக ஒட்டினாலும் ஒன்று உதிரும், உதிர்ந்தது வாய்க்குப் போகும்.

உலர்ந்த இலை, பூ வைப்பதென்றால் தட்டையான, சாறு குறைந்தவையாக எடுத்து, உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே கனமான புத்தகத்தில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் ஃபிரேமில் பூஞ்சை வரும். குவில்லிங் (காகிதப் பட்டையைச் சுருட்டும் கலை) தெரிந்தவர்கள் மூன்று மில்லிமீட்டர் அகலத் தாளில் சுருள் செய்து ஒரு மூலையில் வைக்கலாம். அது தூசியைப் பிடித்துக்கொள்ளும், வார்னிஷ் பிரஷ் பட்டால் நசுங்கும், அதனால் ஸ்பிரே வார்னிஷ்தான் சரி.

எங்கே ஒட்டுவது?

நான்கு மூலையிலும் ஒரே மாதிரி ஒட்டினால் தவறில்லை, ஆனால் கண் எங்கும் நிற்காது. ஒரு மூலையில் கனமாக, அதன் எதிர்மூலையில் அதன் சாயலாகக் கொஞ்சம், மற்ற இரண்டும் வெறுமை. இது எப்போதும் கைகொடுக்கும். கனம் கீழே இருந்தால் ஃபிரேம் நிலையாகத் தோன்றும். மேசைமேல் நிற்கும் ஃபிரேமுக்கு அது தோற்றம் மட்டுமல்ல. மேல்பக்கம் கனத்தால் ஸ்டாண்டு தாங்காமல் கவிழும். படத்தில் உள்ளவர் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள், அந்தப் பார்வை போக ஓர் இடம் வேண்டும். என் பாட்டி சற்று வலப்பக்கம் பார்க்கிறார். பொத்தான்கள் கீழ் இடது மூலையில் இருப்பது அதனால்தான்.

உள்விளிம்பிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் எப்போதும் காலியாக விடுங்கள். அந்தச் சின்ன இடைவெளி படத்துக்கும் அலங்காரத்துக்கும் நடுவே மூச்சுவிட இடம் தருகிறது.

வார்னிஷ்

காகிதம், பெயின்ட் இரண்டுக்கும் மேலே தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள். எண்ணெய் கலந்த வார்னிஷ் நாளாக நாளாக மஞ்சளாகும், வெள்ளை ஃபிரேமில் அது நன்றாகத் தெரியும். பளபளப்பு வார்னிஷைவிட மங்கல் வார்னிஷ் எனக்குப் பிடிக்கும்; விளக்கு வெளிச்சம் சட்டத்தில் பட்டுக் கண்ணைப் பறிக்காது. நூல், சணல், சிப்பி, உலோகப் பொத்தான் எதற்கும் வார்னிஷ் தேவையில்லை. டப்பாவைக் குலுக்காதீர்கள், குமிழ்கள் பிரஷ் வழியே ஃபிரேமுக்கு வந்துவிடும். குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள்.

மறுபடி பூட்டுவது

அவசரம் வேண்டாம். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் பெயின்டும் பசையும் வார்னிஷும் உள்ளே இன்னும் காய்ந்துகொண்டுதான் இருக்கும். அந்த ஈரமும் ஆவியும் மூடிய ஃபிரேமுக்குள் போனால் பாதிப்பு படத்துக்கு. காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் விடுங்கள். வாசனை முற்றிலும் போன பிறகு பூட்டுங்கள்.

கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். கண்ணாடிமேல் நேரடியாகத் தெளித்தால் ஓரங்களில் ஈரம் தங்கும். படம் கண்ணாடியை நேராகத் தொடாமல் இருப்பது நல்லது. ஈரப்பதத்தில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுப்பது மிகக் கடினம். படத்தைச் சுற்றி அமிலமில்லாத அட்டையில் சன்னல் வெட்டி வைத்தால் இடைவெளியும் கிடைக்கும், பார்க்கவும் நிறைவாக இருக்கும்.

சுவரில் மாட்டுவதென்றால், சிப்பியோ கல்லோ ஒட்டிய பிறகு எடை எவ்வளவு என்று பாருங்கள். பழைய குட்டிக் கொக்கி அதைத் தாங்குமா என்று சந்தேகம் வந்தால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வளையம் மாட்டிக் கம்பி கட்டுங்கள். நேர் வெயில் விழாத சுவராகப் பாருங்கள், வெயில் படத்தையும் வெளுக்கும், காகித அலங்காரத்தையும் வெளுக்கும். தூசுக்கு மெல்லிய, உலர்ந்த பெயின்ட் பிரஷ் போதும்.

பின் அட்டையை மூடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. பாட்டியின் படத்தில் அவர் தோளில் கைபோட்டு இன்னொரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். யார் என்று எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் தெரியாது. படத்தின் பின்னால் ஒரு சொல்கூட எழுதவில்லை. அதனால் பின் அட்டையின் உள்பக்கத்தில், மையில் அல்ல, மென்மையான பென்சிலால், படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள். எடுத்த ஆண்டு, இடம், நீங்கள் ஒட்டிய பொத்தானோ நூலோ யாருடையது என்பதையும் எழுதிவிடுங்கள். பிறகு அட்டையை வைத்து, உலோக நாக்குகளை ஒவ்வொன்றாக மடக்குங்கள்.